பூப்பந்து மைதானத்துக்குக் கீழே

12 பிப்ரவரி, புதன்

தண்ணீர் எடுத்துப் போக வந்தவர்கள் மீது நான் நாயை அவிழ்த்துவிட்டேன் என்று சவேரியார் தெரு முழுவதும் பேசிக்கொள்கிறார்கள். என்னிடம் நாய் இல்லை. கடைசியாக இருந்த ரெக்ஸ் 2011-இல் செத்துப்போனது. மாதுளை மரத்தடியில் நானே நின்று புதைக்க வைத்தேன்.

நடந்தது இதுதான். இரண்டு பேர் அழைப்பு மணி அடிக்காமல், பின்கதவைத் தள்ளிக்கொண்டு, செருப்புக் காலோடு கிணற்றடிக்கு வந்து வாளியை இறக்கினார்கள். யார் என்று கேட்டேன்.

"டெப்போலேர்ந்து வர்றோம் பாட்டி. சாம்பிள்."

நான் யாருக்கும் பாட்டி இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. கடிதம் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக வாருங்கள் என்று சொல்லிக் கதவைத் தாழிட்டேன். குரைத்தவர் யாராவது இருந்தால் அது நான்தான்.

நாட்குறிப்பில் அடைமொழி வேண்டாம், நடந்ததை எழுது என்று பள்ளியில் மதர் யூலாலி சொல்வார். எண்பத்தொரு வயதிலும் முயன்றுகொண்டிருக்கிறேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

கடிதம் வந்தது. தேதி போடவில்லை. திருப்பி அனுப்பினேன். எலுமிச்சை ஊறுகாய் போட்டேன், இருபது காய்.

17 பிப்ரவரி, திங்கள்

தேதியிட்ட கடிதத்தோடு டாக்டர் இன்பவல்லி வந்தார். நிலத்தடி நீர் ஆய்வாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். மணி அடித்தார், வாசலில் காலணியைக் கழற்றினார், உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

வடக்கே அரை மைலில் இருக்கும் ராணுவ டெப்போவை மூடி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வண்டிகளின் உதிரிபாகங்கள் வைத்திருந்த கிடங்கு அது. இப்போது அந்த மண்ணைச் சுத்தம் செய்கிறார்கள். அங்கிருந்து ஏதோ கசிந்து நம் அல்லிமேட்டுக் கிணறுகளுக்கு வந்திருக்கலாமாம்.

"எங்கள் கிணறு 1974-இல் வெட்டியது. ஒரு கோடையிலும் வற்றியதில்லை. இந்தத் தெருவிலேயே தித்திப்பான தண்ணீர் இதுதான்" என்றேன்.

"தெரியும் மேடம். எல்லாரும் சொன்னாங்க" என்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

சுவரில் இருந்த சான்றிதழை அவர் பார்த்தார். பார்க்கட்டும் என்றுதான் நானும் அந்த நாற்காலியைக் காட்டியிருந்தேன். 'எம். ஸ்தனிஸ்லாஸ், ஸ்டோர்ஸ் சூப்பரின்டெண்டென்ட். இருபத்திரண்டு ஆண்டுகளில் இருப்பில் ஒரு பொருள் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை.' அடியில் கர்னலின் கையெழுத்து.

"என் கணவர் டெப்போவிலிருந்து ஒரு திருகாணிகூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை" என்றேன்.

"ஐயா எப்ப காலமானாங்க?"

"2004. சிறுநீரகம்."

எழுதிக்கொண்டிருந்தவர் அதை எழுதவில்லை. பேனாவை மூடினார்.

26 பிப்ரவரி, புதன்

முடிவு வந்துவிட்டது. குடிக்கக் கூடாது, சமைக்கக் கூடாது. கிணற்றுச் சுவரில் சிவப்புப் பெயின்டால் குறுக்குக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். கோடு சாய்வாக இருக்கிறது.

காலை ஏழு மணிக்கும் மாலை நான்குக்கும் லாரியில் தண்ணீர் வருமாம். தெருவே குடத்தோடு நின்றது. நான் சன்னலைச் சாத்தினேன்.

பெட்ரோலோ டீசலோ இல்லை என்கிறார் இன்பவல்லி. இயந்திரங்களின் மசகை எடுக்கக் கழுவுகிற ஒரு திரவமாம். தண்ணீர் மாதிரியே தெளிவாக இருக்கும், லேசாக இனிப்பு வாசனை அடிக்கும் என்றார்.

திரைச்சீலைகளைத் துவைக்கப் போட்டேன்.

3 மார்ச், திங்கள்

நேற்று நோன்பு தொடங்கியது. பக்கத்து வீட்டு மைமூன் வழக்கம்போலத் தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். மகள் ரிஸ்வானா பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஏழு மாதம் முடிந்துவிட்டது. போன தடவை இதே வீட்டில், இதே மாதக் கணக்கில்தான் குழந்தை தங்காமல் போனது. ஏன் என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. நானும் கேட்டதில்லை. கேட்பது முறையல்ல.

"எந்தத் தண்ணீரில் காய்ச்சினாய்?" என்று கேட்டேன்.

"உங்க தண்ணிதான் ஆன்ட்டி. லாரித் தண்ணி மருந்து நாத்தம் அடிக்கிது. கொதிக்க வச்சா எல்லாம் செத்துப்போயிடும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். நாப்பது வருஷமா குடிக்கிறோம், நமக்கு என்ன ஆயிடுச்சு?"

"ரிஸ்வானாவும் இதைத்தான் குடிக்கிறாளா?"

"அவளுக்கு இந்தத் தண்ணி இல்லாட்டி சோறே இறங்காது."

என் கணவர் இறந்த வருடம் அவர் நினைவாக எங்கள் கிணற்றிலிருந்து மைமூன் வீட்டுக்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்தேன். திறந்துவைத்தபோது பங்குத்தந்தை வந்து மந்திரித்தார். அவர்களும் ஒரு பாத்திஹா ஓதினார்கள்.

கஞ்சியை நான் குடிக்கவில்லை. தூக்கைக் கழுவிக் கொடுத்தனுப்பினேன்.

4 மார்ச், செவ்வாய்

மைமூன் வீட்டுக்குப் போகும் குழாயைக் குறடு வைத்துத் திருகி மூடினேன். வாஷர் போய்விட்டது என்று மைமூனிடம் சொன்னேன்.

அது பொய்.

5 மார்ச், புதன்

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மைமூன் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்க வேண்டுமென்றேதான் பேசினாள்.

"நாயை அவுத்துவிட்டது பத்தலைன்னு இப்ப தண்ணியையும் நிறுத்திட்டாக. நோன்பு மாசத்துல! புள்ளத்தாச்சி வீட்ல! வாஷராம் வாஷர். அந்த வாஷர் அவுக நெஞ்சுலதான் போயிருக்கு."

நாய் விஷயத்தையாவது திருத்தியிருக்கலாம். உள்ளே வந்துவிட்டேன்.

10 மார்ச், திங்கள்

இன்பவல்லி மறுபடி வந்தார். களைத்திருந்தார். டெப்போ முழுவதும் முப்பத்தெட்டு இடத்தில் துளை போட்டாயிற்றாம். இயந்திரங்களைக் கழுவும் கூடத்தில் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் இத்தனை கிணற்றைக் கெடுக்கும் அளவுக்கு இல்லை.

"எண்ணெய்னா மிதக்கும் மேடம், ஈசியா கண்டுபிடிச்சிடலாம். இது தண்ணியை விடக் கனம். நேரா கீழ போயிடும். பாறையில போய் உக்காந்துக்கிட்டு வருஷக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா கரையும். மொத்தமா ஒரு இடத்துல இறங்கியிருக்கணும். அந்த இடத்தைத் தோண்டி எடுக்காம கீழ எத்தனை வருஷம் பம்ப் பண்ணினாலும் பிரயோஜனம் இல்ல."

"பழைய பதிவேடுகளைப் பார்க்கலாமே?"

"பாத்துட்டேன்." சுவர்ப் பக்கம் திரும்பினார். "அதான் மேடம் கஷ்டமே. வந்த பீப்பாய் எல்லாம் சரியா செலவாகியிருக்கு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. இருபத்திரண்டு வருஷம். உலகத்துல எந்தக் கிடங்கும் அப்படி இருக்காது."

"நேர்மையானவர் பொறுப்பில் இருந்தால் இருக்கும்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றார்.

31-ஆம் தேதிக்குள் அந்த இடம் கிடைக்காவிட்டால் கழுவும் கூடத்து மண்ணை மட்டும் அள்ளிவிட்டு வேலையை முடித்ததாக எழுதிவிடுவார்களாம். பிறகு யாரும் திரும்பி வரப்போவதில்லை என்றார்.

இன்பவல்லி போன பிறகு அலமாரியில் இருக்கும் என் கணவரின் கறுப்பு ஷூக்களுக்கு பாலிஷ் போட்டேன். மாதம் ஒருமுறை போடுகிறேன். இன்று முறை இல்லை.

அந்த ஷூக்களைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். டெப்போவில் தரை முழுவதும் சிமென்ட், மற்ற இடமெல்லாம் கரிசல். ஆண்டு முழுவதும் அவர் ஷூவில் கறுப்புத் தூசிதான் வரும். மார்ச் மாதம் இருப்புக் கணக்கெடுக்க வெளியூரிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். அதற்கு முந்தின நாள் மட்டும் செம்மண்ணோடு வருவார். வார்ப்பட்டை வரை செம்மண். நான் ஒருமுறையும் கேட்டதில்லை. ஊசியால் சுரண்டி எடுத்திருக்கிறேன்.

டெப்போவில் செம்மண் இருந்தது ஒரே இடத்தில்.

16 மார்ச், ஞாயிறு

பூசை முடிந்து வந்தபோது முன்வாசலில் முத்துக்கருப்பன் உட்கார்ந்திருந்தார். டெப்போவில் என் கணவரிடம் மண்வெட்டி வேலை பார்த்தவர். இப்போது இரண்டு கண்ணும் தெரியாது. பேத்தி கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தாள். காப்பி கொடுத்தேன், கடைத் தண்ணீரில். பக்கத்துக் கடையில் சொல்லி ஒரு கேன் வரவழைத்திருக்கிறேன்.

"காப்பி முன்ன மாதிரி இல்லம்மா" என்றார்.

"தண்ணீர் முன் மாதிரி இல்லை" என்றேன்.

"அதுக்குத்தான் வந்தேன்." கொஞ்ச நேரம் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஆபீசரம்மா என்கிட்டயும் வந்து கேட்டாக. தெரியாதுன்னுட்டேன். ஐயாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். ஐயா இல்ல. நீங்கதான் சொல்லணும், சொல்லு கருப்பான்னு."

"என்னவென்று தெரியாமல் நான் எப்படிச் சொல்வது?"

அவர் சிரித்தார். "உங்களுக்கா தெரியாது? ஒரு சொக்காய்ல பித்தான் போனா எந்த மேசையில பட்டுச்சுன்னு கேப்பீங்கன்னு ஐயா சொல்லுவாரு."

முதலில் என்னிடம் சொல்லச் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

கழுவும் திரவம் பீப்பாய் பீப்பாயாக வரும். எழுதிக் கேட்டதைவிடப் பட்டறைகளுக்குக் குறைவாகவே செலவாகும். மார்ச்சில் எப்படியும் நான்கைந்து பீப்பாய் மிஞ்சும். குறைந்தால் விசாரணை. கூடினால் அதைவிடப் பெரிய விசாரணை, யாருக்கோ குறைத்துக் கொடுத்திருக்கிறாய் என்று அர்த்தம். மற்ற டெப்போக்களில் மிஞ்சியதை வெளியே விற்றுவிடுவார்கள். வாங்குகிறவன் லாரியோடு வாசலில் நிற்பான்.

"ஐயா விக்கல. 'அது திருட்டு கருப்பா'ன்னாரு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால குழி வெட்டச் சொன்னாரு. வருஷா வருஷம் அங்கதான் போட்டு மூடுவோம்."

"பீப்பாயோடு புதைத்தீர்கள். அப்படியென்றால் கசிய இத்தனை காலம் ஆகியிருக்கும்" என்றேன். எனக்கு அந்த நேரத்தில் அது பெரிய ஆறுதலாக இருந்தது.

முத்துக்கருப்பன் டம்ளரைத் தரையில் வைத்தார். பிறகு சொன்னார்.

"எவனாவது தோண்டி எடுத்து வித்துருவான்னு ஐயாவுக்குப் பயம். ஒவ்வொரு பீப்பாய்லயும் கடப்பாரையால ஓட்டை போடச் சொன்னாரு. போட்டோம்மா. முத ஓட்டை ஐயாவே போட்டாரு. கருப்பா, இனிமே இதை ஒருத்தனும் தொட முடியாதுன்னாரு."

பேத்தி வந்து அழைத்துப் போனாள். போகும்போது, "எனக்குக் கண்ணு இருந்தா நானே போய் இடத்தைக் காட்டியிருப்பேன். இப்ப அங்க முழுக்கக் கருவேலங்காடாம். காலுக்கு வழி தெரியல" என்றார்.

இன்பவல்லியிடம் "சொல்லு" என்று நான் இன்னும் அவருக்குச் சொல்லவில்லை.

17 மார்ச், திங்கள்

அரிசி புடைத்தேன். ஓய்வூதிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

19 மார்ச், புதன்

புனித சூசையப்பர் திருநாள். தச்சர், நீதிமான், பேசாதவர். இன்று என் கணவருக்குப் பிடித்த இறால் தொக்கு செய்வது வழக்கம். செய்யவில்லை.

கூடத்தில் சான்றிதழுக்குப் பக்கத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. 1986. டெப்போ குடும்பங்களுக்காக அவர் அமைத்த பூப்பந்து மைதானத்தின் திறப்பு விழா. நான் மட்டையோடு நிற்கிறேன். பள்ளியில் நான் பூப்பந்து அணித் தலைவி. கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் மட்டையைத் தொடாமல் இருந்தேன். ஒருநாள் சாப்பிடும்போது அவராகவே சொன்னார்: "பிரிஜித், உனக்கு ஒரு மைதானம் போடுகிறேன்." டெப்போ முழுவதும் அதைத்தான் பேசினார்கள். மனைவிக்காக மைதானம் போட்டவர் என்று.

செம்மண் மைதானம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்.

அந்த வருடத்துக்குப் பிறகு மார்ச்சில் அவர் ஷூவில் செம்மண் வரவில்லை. வேறு ஏதோ ஏற்பாடு வந்திருக்கும். வந்த செம்மண்ணெல்லாம் என் கேன்வாஸ் ஷூவில்தான். பத்து வருடம் அதன் மேல் ஓடியாடி விளையாடினேன். இரண்டு கோப்பை வென்றேன்.

உண்மையில் எனக்காகவும் போட்டிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று யார் சொன்னது?

மதியம் மைமூன் வீட்டுக்குப் போனேன். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறுகிறேன். ரிஸ்வானா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது.

"வாஷர் போகவில்லை மைமூன். நான்தான் மூடினேன். அந்தத் தண்ணீரை இவள் குடிக்கக் கூடாது."

மைமூன் என்னையே பார்த்தாள். "அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மதிலுக்கு மேல அப்படி வஞ்சிருப்பேனா ஆன்ட்டி?"

"நன்றாகத்தான் வைதாய். வாஷரை நெஞ்சில் போட்டது எனக்குப் பிடித்திருந்தது."

ரிஸ்வானா சிரித்துவிட்டாள். பிறகு வயிற்றில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "போன தடவையும் இந்தத் தண்ணிதானா பாட்டி?"

பாட்டி என்றாள். திருத்தவில்லை.

"எனக்குத் தெரியாது. யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். ஆனால் அந்தக் குழாயைப் போட்டது நான்" என்றேன்.

21 மார்ச், வெள்ளி

காலையில் முத்துக்கருப்பனுக்குச் சொல்லியனுப்பினேன்: "சொல்லு கருப்பா."

சான்றிதழையும் புகைப்படத்தையும் சுவரிலிருந்து இறக்கி, பழைய தலையணை உறையில் வைத்து, ஆட்டோவில் டெப்போவுக்குப் போனேன். வாயில் காவலர் என்ன வேலை என்று கேட்டார். டாக்டர் இன்பவல்லியைப் பார்க்க வேண்டும், என்னிடம் இடம் இருக்கிறது என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்.

நடந்ததை நின்றுகொண்டே சொன்னேன். இன்பவல்லி குறுக்கே பேசவில்லை. டெப்போ வரைபடங்களில் மைதானமே இல்லையாம். அதற்கு அனுமதி வாங்காமல் போட்டிருக்கிறார். அனுமதி வாங்காமல் அவர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே எங்கு பார்த்தாலும் சீமைக் கருவேலம். தண்ணீர்த் தொட்டி மட்டும் நிற்கிறது. சங்கு ஊதும் கோபுரம் விழுந்து அடித்தளம் மட்டும் இருக்கிறது. புகைப்படத்தில் என் தோளுக்குப் பின்னால் இரண்டும் தெரிகின்றன. தொட்டியின் நான்கு கால்களில் மூன்றுதான் தெரியும், ஒன்றை மற்றொன்று மறைக்கிறது. கோபுரம் அந்த இரண்டுக்கும் நேர் பின்னால்.

"மூணு காலும் கோபுரம் இருந்த இடமும் இதே மாதிரி தெரியிற இடத்துக்குப் போனா, போட்டோ எடுத்தவர் நின்ன இடம் அது. நீங்க அவருக்கு முன்னால நிக்கிறீங்க" என்றார் இன்பவல்லி. அவர் குரல் மாறிவிட்டது.

முள்ளை வெட்டிக்கொண்டு நான்கு பேர் முன்னே போனார்கள். நான் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னும் இடது பக்கம், இன்னும்" என்று சொல்லிக்கொண்டே போனேன். மூன்று கால் தெரிந்தது. நின்றேன். காலடியில் செம்மண்.

27 மார்ச், வியாழன்

அறுபத்தோரு பீப்பாய். பதினெட்டு அடி ஆழம் வரை. ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் ஓட்டை.

என்னைக் கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். முகமூடி கொடுத்தார்கள். காற்று திரும்பியபோது முகமூடியையும் மீறி அந்த வாசனை வந்தது. லேசான இனிப்பு. மாலையில் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது வருமே, அதே வாசனை. இருபத்திரண்டு வருடம் நான் அந்தச் சட்டைகளைத் துவைத்தேன். சோப்புப் போடுவதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பார்ப்பேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இன்பவல்லி பக்கத்தில் வந்து நின்றார். "அறிக்கையில பேர் போட வேண்டியதில்லம்மா. 'முன்னாள் பணியாளர்கள், பெயர் தெரியவில்லை'ன்னு எழுதிடறேன். யாருக்கும் நஷ்டம் இல்ல."

அம்மா என்றார், மேடம் அல்ல. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

28 மார்ச், வெள்ளி

மாலை நான்கு மணி லாரியில் தண்ணீர் பிடித்தேன். ஒரு குடம். எனக்கு முன்னால் ஒன்பது பேர்.

31 மார்ச், திங்கள்

ரம்ஜான். மைமூன் பிரியாணி கொடுத்தனுப்பினாள். சாப்பிட்டேன். மூன்று நாள் யோசித்து இன்று காலை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

பெறுநர்: திட்ட அதிகாரி, மண் மற்றும் நிலத்தடி நீர் சீரமைப்பு, டெப்போ வளாகம், அல்லிமேடு.

ஐயா,

27-ஆம் தேதி எடுக்கப்பட்ட பீப்பாய்கள் பற்றிய அறிக்கையில் அவற்றைப் புதைத்தவர்களின் பெயர் தெரியவில்லை என்று எழுதப்போவதாக அறிகிறேன். அது சரியல்ல. பெயர் தெரியும். என் கணவர் எம். ஸ்தனிஸ்லாஸ். 1975 முதல் 1986 வரை, இருப்பில் மிஞ்சிய திரவத்தை அவர் உத்தரவின்பேரில் புதைத்தார்கள். பீப்பாய்களில் ஓட்டை போடச் சொன்னவரும் அவரே. முதல் ஓட்டை அவர் கையால் போட்டது. அவற்றில் ஒன்றையும் அவர் விற்கவில்லை, வீட்டுக்குக் கொண்டுவரவும் இல்லை. இவை அனைத்தையும் அறிக்கையில் எழுதுங்கள். பாதியை மட்டும் எழுத வேண்டாம்.

முத்துக்கருப்பன் சொன்னதைச் செய்தவர். அவரை யாரும் விசாரணைக்கு அலையவிடக் கூடாது.

என் கிணற்றின் தண்ணீர் இருபது ஆண்டுகளாகக் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது. அந்த வீட்டில் இப்போது ஒரு பெண் நிறைமாதத்தை நெருங்குகிறாள். அவளையும் பிறக்கப்போகும் குழந்தையையும் எந்த மருத்துவமனையில், எத்தனை ஆண்டுகள், யார் செலவில் பரிசோதிப்பீர்கள் என்று தெரிய வேண்டும். தெருவில் இன்னும் சோதிக்காத பதினோரு கிணறுகளை எந்தத் தேதியில் சோதிப்பீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

சான்றிதழைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அறிக்கையோடு வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தை மட்டும் வேலை முடிந்ததும் அனுப்பிவையுங்கள்.

நேரில் வந்து யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். மேற்கண்டவற்றுக்கு, தேதியும் கையெழுத்தும் இட்டு, எழுத்து மூலம் பதில் தரவும்.

இப்படிக்கு,
பிரிஜித் ஸ்தனிஸ்லாஸ்